மந்தாரக்குப்பத்துத் தாஜ்மஹால்

போன வாரம் மாடி வீட்டுப் பெண் உறைமோர் வாங்க வந்தாள். கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கும்போதே தரை லேசாகக் குலுங்கியது. எங்கள் தெருவுக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்காகக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அவ்வப்போது இப்படி ஒரு நடுக்கம் வரும், போகும். சென்னைக்காரர்கள் அதற்குள் பழகிவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய், அலமாரி மேலிருந்த கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டிக்குள் ஒரு தாஜ்மஹால். ஒரு தூண் ஒடிந்து ஒட்டவைத்தது. உள்ளே எரியவேண்டிய குட்டி பல்பு அணைந்து எத்தனையோ காலமாயிற்று.

“என்ன ஆன்ட்டி, சீதனமா வந்ததா? இப்படிப் பதறுறீங்க?” என்று சிரித்தாள் அந்தப் பெண். அப்புறம் கேட்டாள்: “ஆமா, நீங்க எந்த ஊரு?”

நாக்கு நுனி வரைக்கும் ‘நெய்வேலி’ வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். எந்த ஊர் என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் யோகம் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிடையாது.

எங்கள் ஊர் மந்தாரக்குப்பம். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. விருத்தாசலத்திலிருந்து நெய்வேலிக்கு பஸ்ஸில் போயிருந்தால் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். கண்டக்டர் ஒரு குரல் கொடுத்திருப்பார், பத்துப் பேர் மூட்டை முடிச்சோடு இறங்கியிருப்பார்கள், நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து “நெய்வேலி வந்துவிட்டதா?” என்று கேட்டிருப்பீர்கள். அவ்வளவுதான் எங்கள் புகழ். ஊர்க்காரர்களாகிய நாங்கள் மட்டும் என்ன யோக்கியம்? கடைத்தெருவில் மருந்துக்கடை, மிட்டாய்க்கடை, சைக்கிள் கடை எல்லாவற்றின் நெற்றியிலும் நெய்வேலி என்றுதான் எழுதியிருக்கும். என் அப்பா வைத்திருந்த தையல் கடையின் பெயர் நெய்வேலி டெய்லர்ஸ். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் காக்கி யூனிஃபார்ம் தைத்துத் தருவார். பிழைப்புத் தேடித் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். கூட வந்தவர்களில் பலர் சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆகி, கம்பெனி கட்டிய நகரியத்துக்குள் குவாட்டர்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பா அவர்களுக்கு அளவெடுத்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார்.

நகரியம் என்பது வேறு உலகம். நேர்கோட்டுச் சாலை, இரண்டு பக்கமும் மரம், வீட்டுக்கு வீடு தோட்டம், எண் போட்ட பிளாக்குகள். நான் அப்போது அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். தினமும் காலையில் சைக்கிளில் போய், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவேன். போகும்போது புடவையில் நிலக்கரி வாசனை இருக்கும். ஈரமண்ணும் புகையும் கலந்த ஒரு வாசனை அது. மழை பெய்தால் இன்னும் தூக்கலாக வரும். வகுப்பில் ஒரு வாண்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு, “மிஸ் மேல மைன்ஸ் வாசம் அடிக்குது” என்று சொல்லியிருக்கிறது. அவன் அப்பாதான் மைன்ஸில் வேலை பார்த்தார், வாசம் மட்டும் என் பங்குக்கு வந்தது.

வாசத்தோடு வெடியும் எங்கள் பங்குதான். சுரங்கத்தில் இறுகிய மண்ணைத் தளர்த்த மதியத்தில் வெடி வைப்பார்கள். முதலில் தூரத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதும். சற்று நேரம் கழித்துத் தரைக்கடியில் ‘தும்’ என்று ஒரு உதறல். பாத்திரங்கள் கிணுகிணுக்கும். இதற்கென்று எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. சங்கு கேட்டதும் கை தானாகப் போகும். அம்மா பரணில் இருக்கும் பித்தளைக் குடத்தைப் பிடிப்பாள். அப்பா கண்ணாடிச் சாமான் எது பக்கத்தில் இருக்கிறதோ அதை அணைத்துக்கொள்வார். நான் கையில் இருப்பதைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். வெடி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம். சண்டைகூட அப்படித்தான், வெடிக்கு ஒரு இடைவேளை விட்டுத் தொடரும்.

எனக்கு வரன் பார்த்த கதைக்கு வருகிறேன். அதற்கு முன்பே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அம்மா சாமியறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். அந்தச் சமயத்தில்தான் திண்டுக்கல்லில் இருக்கும் அப்பாவின் பங்காளி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் மின்வாரியத்தில் கிளார்க், நல்ல குடும்பம். “நெய்வேலின்னு சொன்னதும் நிமிர்ந்து உக்காந்துட்டாங்கண்ணே” என்றார் பங்காளி. “குவாட்டர்ஸான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன். என்ன வேலைன்னு கேட்டாங்க, யூனிஃபார்ம் டிபார்ட்மென்ட்னுட்டேன்.”

அப்படி ஒரு டிபார்ட்மென்ட் உலகத்தில் இல்லை. அப்பா பொய் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. பெண் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்த அன்று அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், “சண்முகத்துக்கிட்ட ஒரு நாளைக்கு வீட்டக் கேக்கலாமா?” என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பதில் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

சண்முகம் மாமா அப்பாவோடு அந்தக் காலத்தில் ஒன்றாக ஊர்விட்டு வந்தவர், பெர்மனன்ட், நகரியத்தில் குவாட்டர்ஸ். அவரும் அத்தையும் அந்த வாரம் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவதாக இருந்தது. சாவியை அப்பாவின் கையில் வைத்து, “கல்யாணம்னு வந்துட்டா இதெல்லாம் பாவமில்ல, விடு” என்றார். பாவமில்லை என்று ஒருவர் சொல்லவேண்டியிருக்கும்போதே தெரிந்துவிடுகிறதல்லவா?

காலையிலேயே போய்விட்டோம். மாமா குடும்பத்துப் படங்களைக் கழற்றினோம். கழற்றிய இடமெல்லாம் சுவரில் வெளுப்பாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. எங்கள் சாமிப் படங்களைக் கொண்டுபோய் மாட்டினால் அந்தச் சதுரத்தை மறைக்கும் அளவுக்கு எதுவும் பெரிதாக இல்லை. அம்மா காலண்டரைத் தேடி ஓடினாள். வரவேற்பறையில் ஒன்றை மட்டும் தொடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தாஜ்மஹால். மாமா கம்பெனி தரும் சலுகை டிக்கெட்டில் குடும்பத்தோடு வடக்கே சுற்றுலா போனபோது வாங்கி வந்தது. ஸ்விட்ச் போட்டால் உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். “இது இருக்கட்டும், பெர்மனன்ட் வீடு மாதிரி தெரியும்” என்று அப்பா அதன் மேலிருந்த தூசியைத் தன் துண்டால் துடைத்தார்.

மதியத்துக்கு முன்பே வந்து, டிபன் சாப்பிட்டு, கிளம்பிவிடுவதாகப் பேச்சு. பஸ் தாமதம். அப்பா நகரிய பஸ் ஸ்டாண்டில் காத்துக் காத்து, அவர்களோடு வீட்டுக்கு வந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. பையனின் அப்பா வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டே பழகியவர். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“இந்தப் பலா எத்தன வருசமா காய்க்குது?”

“அது… வருசா வருசம் காய்க்குதுங்க” என்றார் அப்பா.

சமையலறையில் அம்மாவுக்குச் சர்க்கரை டப்பா எது என்று தெரியவில்லை. மூன்று டப்பா திறந்து மூன்றிலும் பருப்பு. பையனின் அம்மா கால் கழுவ வேண்டும் என்றதும் நான்தான் அழைத்துப்போனேன். நம்பிக்கையோடு ஒரு கதவைத் திறந்தேன். உள்ளே பழைய சைக்கிளும் தேங்காய் மட்டையும் இருந்தன. “ஏத்தா, சொந்த வீட்டுலயே வழி மறந்துருச்சா?” என்று அந்த அம்மாள் சிரித்தார். நானும் சிரித்தேன். முதுகில் வியர்வை வழிந்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது.

வரவேற்பறையில் வாத்தியார் தாஜ்மஹாலிடம் வந்துவிட்டார். “ஆக்ராவுக்குப் போயிருந்தீகளோ?”

“ஆமாங்க. குடும்பத்தோட.”

“யமுனையில தண்ணி இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. நெறைய.”

அப்பா வடக்கே போன அதிகபட்ச தூரம், பித்தானும் ஜிப்பும் வாங்க சென்னை வரைக்கும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொய்யைப் பார்த்துக்கொள்ள இன்னொன்றை அனுப்பி, அதற்குத் துணையாக மற்றொன்றை அனுப்பி, அப்பாவின் குரல் ஒவ்வொரு பதிலுக்கும் இறங்கிக்கொண்டே போனது. கடையில் பெரிய அதிகாரி வந்தாலும் ‘மூச்ச இழுக்காதீங்க சார், அளவு தப்பும்’ என்று அதட்டுகிற குரல் அது.

காபித் தட்டோடு நான் வந்தேன். பையன் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, மறைப்பானேன்? அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. டெய்லர் மகளுக்கு வேறென்ன கண்ணில் படும்? கல்யாணத்துக்கு அப்புறம் அப்பாவிடம் சொல்லி அதைச் சரி செய்துவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். பையனின் அம்மா மடியிலிருந்த பையிலிருந்து வாழையிலையில் சுற்றிய மல்லிகையை எடுத்து வெளியே வைத்தார். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அம்மா கதவோரத்தில் கைகூப்பாத குறையாக நின்றாள்.

அப்போது சங்கு ஊதியது.

எல்லாவற்றையும் யோசித்த அம்மா இதை யோசிக்கவில்லை. தினமும் செய்வதை யார் யோசிப்பார்கள்? அந்த பிளாக்கில் அது மரங்களைத் தாண்டி மெல்லிசாகத்தான் வந்தது. வந்தவர்களின் காதில் விழுந்திருக்கவே விழுந்திருக்காது. அம்மா பாய்ந்து போய் அலமாரியில் இருந்த டம்ளர்களை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். நான் காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு பையனின் காலடியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தாஜ்மஹாலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

பிறகு வெடி. அந்த வீட்டில் அது பக்கத்துத் தெருவில் யாரோ கதவைச் சாத்தியது போலத்தான் கேட்டது. ஒரு டம்ளர்கூட அசையவில்லை. நகரியத்துக்காரர்கள் யாரும் அதற்காகத் தலையைக்கூடத் திருப்புவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று பேரும் வைத்த கை வைத்தபடி இருந்தோம். எதிரே மூன்று பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன ஆச்சு?” என்றார் வாத்தியார்.

“ஒண்ணுமில்லைங்க… வெடி… அப்பப்ப இங்க…” அப்பாவுக்கு அடுத்த பொய் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கீழே வைக்கவேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“அப்பா, அது நம்மளுது இல்ல. கீழ வைங்க” என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த அறையில் அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. அப்பா பெட்டியை வைத்தார். அப்புறம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். வீடு சண்முகத்தினுடையது, தான் ஒரு டெய்லர், எங்கள் வீடு மந்தாரக்குப்பத்தில் இருக்கிறது. வாத்தியார் எழுந்து செருப்பைத் தேடினார். “ஆக்ராவும் பொய்யா?” என்று கேட்டார். வீட்டையும் வேலையையும் விட அதுதான் அவருக்கு வலித்திருக்கிறது. அப்பா தலையாட்டினார்.

பையனின் அம்மா எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, “ஒங்க வீடு எங்கனத்தா இருக்கு? காட்டு, பாப்போம்” என்றார்.

டவுன் பஸ்ஸில் போனோம். எங்கள் ஊரில் இறங்கியதும் அந்த அம்மாள் பூட்டியிருந்த கடையைப் பார்த்து, “நெய்வேலி டெய்லர்ஸ். வரும்போது பஸ்சுல இருந்து இந்தப் போர்டப் பாத்தேன். ஊரு வந்துருச்சுன்னு எந்திரிச்சுட்டேன்” என்றார். வாத்தியார் எங்கள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டார். பையன் அவருக்கும் எங்களுக்கும் நடுவே தெருவில் நின்றான். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா விவரம் தெரியாமல் வெளியே வந்து, “இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்தவங்கள நம்ம வூட்டுக்கே இட்டுகினு வந்துட்டீங்க? உக்காருங்க, உக்காருங்க” என்று பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

அந்த அம்மாள் வீடு முழுக்க நடந்து பார்த்தார். பரணில் பாத்திரங்களுக்குக் குறுக்கே அப்பா கட்டியிருந்த கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். “இதுக்குத்தான் அங்கன பதறுனீகளா?”

“ஆமாங்க அண்ணி. பழக்கம்” என்றாள் அம்மா. அண்ணி என்று கூப்பிடலாமா என்ற சந்தேகம் அம்மாவின் குரலிலேயே இருந்தது.

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: “வீட்டுல ஒரு கொறையுமில்ல. தொழிலுலயும் கொறையில்ல. மொதல்லயே இங்கன கூட்டியாந்திருந்தா இந்நேரம் பூ வச்சிருப்பேன். இனி வச்சா, நாளைக்கு இவ ஒரு வார்த்த சொன்னாலும் மெய்யா பொய்யான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருப்பாரு. இந்தப் புள்ளையால அதத் தாங்க முடியாது.” வாழையிலையைப் பிரித்து மல்லிகையை என் கையில் வைத்தார். “வாங்குனது வாங்குனதுதான். தலையில வச்சுக்க. நிச்சயத்துக்கில்ல, சும்மா வச்சுக்க.”

அவர்கள் போன பிறகு பூவை நான் வைத்துக்கொள்ளவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. பரண் கம்பியில் தொங்கவிட்டேன், அங்கேயே வாடியது. அவமானம், கோபம், நிம்மதி மூன்றும் ஒன்றாக வந்தால் மனிதர் என்ன செய்வார்கள்? நான் சைக்கிளை எடுத்துத் துடைத்தேன். பளபளவென்று துடைத்தேன்.

அடுத்த வாரம் அப்பா போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டுக் கடைப் பெயரை அழிக்கச் சொன்னார். “மந்தாரக்குப்பம் டெய்லர்ஸ்னு போட்டா யாருக்குண்ணே தெரியும்?” என்று கேட்டார் அவர். “இங்க இருக்கிறவனுக்குத் தெரியும். போடு” என்றார் அப்பா. பழைய குரல் திரும்பியிருந்தது. ஆனால் என்னோடு அவர் சரியாகப் பேசவில்லை. கோபம் என்று சொல்லமுடியாது. சாப்பிட உட்கார்ந்தால் என் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கூச்சம் எங்களுக்குள் இருந்தது. அன்று நான் சொன்ன ‘நம்மளுது இல்ல’ என்ற வார்த்தையை இருவரும் ஒருநாளும் எடுக்கவில்லை.

சண்முகம் மாமா ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போனார். அங்கே அவருக்கு ‘நெய்வேலிக்காரர்’ என்று பெயராம். வாழ்நாளெல்லாம் இருந்த இடத்தில் அவருக்கென்று ஒரு செங்கல்கூட இல்லை, பெயர் மட்டும் கூடவே போயிற்று. போகும்முன் லாரியில் இடமில்லை என்று தாஜ்மஹாலை அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். இடமில்லாததாலா, அந்த நாளைப் பற்றி யாரோ சொன்னதாலா, தெரியாது.

அந்தக் கோடை விடுமுறைக்கு நான் ஊரில் இருந்தேன். தாஜ்மஹால் வீட்டில் இருந்த தையல் மெஷினுக்கு மேலே பலகையில் இருந்தது. மதியம் சங்கு ஊதியது. அம்மா குடத்தைப் பிடித்தாள். நான் குழந்தையோடு தரையில் உட்கார்ந்தேன். அப்பா எழுந்து பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அப்புறம் திரும்பி, அத்தனை வருடங்களுக்குப் பிறகு, நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இப்ப நம்மளுதுதானம்மா? புடிச்சுக்கலாமா?”

“புடிச்சுக்கங்கப்பா” என்றேன். வெடி வெடித்தது. வீடு உதறியது. அழுவதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது, யாருக்கும் கேட்காது.

அப்பா இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. அந்த வீட்டை விற்றாயிற்று. போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நகரியத்துக்குள் மாமாவின் குவாட்டர்ஸைத் தேடினேன். அந்த வரிசையே இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். பலா மட்டும் நின்றது, வருசா வருசம் காய்க்கிறது போலும். நிலக்கரி வெட்டும் இடம் தள்ளிப் போய்விட்டதால் எங்கள் தெருவில் இப்போது வெடி அவ்வளவாகத் தெரிவதில்லை என்றாள் கன்னியம்மாவின் மருமகள். பரணில் அவள் கம்பி கட்டவில்லை. மதியம் அவள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் சட்டென்று தரையில் உட்கார்ந்தேன். சங்கு எதுவும் ஊதவில்லை.

மாடி வீட்டுப் பெண் நேற்று மறுபடியும் வந்தாள். கேட்டதை மறக்கவில்லை. மந்தாரக்குப்பம் என்றேன். அது எங்கே இருக்கிறது என்றாள். உட்காரச் சொன்னேன். தாஜ்மஹாலை இறக்கி அவள் மடியில் வைத்து, கீழே குலுங்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, உறைமோர் எடுத்துவர உள்ளே போனேன்.